மலையில் இருந்தபடியே குடிநோய்க்கு ஆன்லைன் சிகிச்சை: சேரும் முன்பும் சேர்ந்த பிறகும் செய்யவேண்டியவை

என் தம்பி கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான். அவனுடைய குடிநோய்க்குச் சிகிச்சை பெரும்பாலும் போன் வழியாகத்தான் நடந்தது. மருத்துவர் ஓர் ஊரில், ஆலோசகர் இன்னோர் ஊரில், நாங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில். எதை முதலில் செய்வது, எந்தக் காகிதம் வேண்டும், எங்கே பணம் கட்டக்கூடாது என்று சொல்லித்தர ஆள் இல்லாமல் நிறைய அலைந்தோம். ஊட்டி, குன்னூர், குந்தா, கூடலூர், பந்தலூர் என்று நீலகிரி மாவட்டத்தில் எந்த மூலையில் நீங்கள் இருந்தாலும் அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

குடியை நிறுத்தும் முதல் சில நாட்கள் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. அதற்குப் பின் வரும் மாதங்களுக்குத்தான் ஆன்லைன் சிகிச்சை. இரண்டையும் போனிலேயே முடித்துவிடலாம் என்பதுபோல் சில நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. தினமும் அதிகம் குடிப்பவர் விஷயத்தில் அதை நம்பாதீர்கள். கீழே வரும் படிகளின் வரிசையே இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. வரிசையை மாற்றினால் ஆபத்து.

1. "இன்றோடு நிறுத்து" என்று சொல்லாதீர்கள்

ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உடம்பு தாங்காது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இன்னொரு ஆபத்து இருக்கிறது. இடம் தெரியாமல் பிதற்றுவது, இல்லாத பூச்சியையும் ஆட்களையும் பார்ப்பது, கடும் காய்ச்சல், நாடித்துடிப்பு எகிறுவது. மருத்துவர்கள் இதை டெலிரியம் ட்ரெமென்ஸ் என்கிறார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகும். "பேய் பிடித்துவிட்டது" என்று கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகும் குடும்பங்களை எங்கள் லைன் வீடுகளிலேயே (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பார்த்திருக்கிறேன். கும்பிடுவதைப் பிறகு கும்பிடலாம். முதலில் 108ஐ அழையுங்கள்.

இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்தவர், காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலையோ வயிற்று வீக்கமோ உள்ளவர், சர்க்கரையோ இதய நோயோ சேர்ந்திருப்பவர், தனியாக வாழ்பவர் ஆகிய யாரும் வீட்டில் வைத்து நிறுத்தக்கூடாது. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கும்வரை, மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் ஒரேயடியாக நிறுத்தவும் விடாதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கே மனம் கனக்கிறது. ஆனால் இதுதான் பாதுகாப்பு.

சட்டப்படியும் இதற்குக் காரணம் இருக்கிறது. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க ஆஸ்பத்திரியில் கொடுப்பவை டயாஸிபம், லோராஸிபம், குளோர்டயாஸிபாக்சைடு போன்ற மருந்துகள். இவை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் வருகின்றன. அந்தப் பட்டியலில் உள்ள மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுதித்தர, 2020 மார்ச் 25இல் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறை இடம் தரவில்லை. ஆகவே, "வீடியோவில் பேசுங்கள், நடுக்கத்துக்கு மாத்திரை கூரியரில் வரும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள்.

2. குடிக்கும் அளவைக் கணக்கெடுங்கள்

எந்த மருத்துவரும் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்பது. குடிப்பவர் சொல்லும் கணக்கு பெரும்பாலும் பாதிதான் இருக்கும். நீலகிரியில் இதற்கு நமக்கு ஒரு வசதி உண்டு. 2022 மே மாதத்திலிருந்து டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிறார்கள். அதனால் பலர் பாட்டிலை வெளியே வீசாமல் சேர்த்துவைக்கிறார்கள். தம்பியின் கட்டிலுக்கு அடியில் ஓர் உரச் சாக்கு கிடந்தது. திறந்து எண்ணினேன். அவன் சொன்ன கணக்கும் சாக்கில் இருந்த கணக்கும் ஒட்டவே இல்லை. சாக்கின் கணக்கைத்தான் மருத்துவர் எடுத்துக்கொண்டார்.

ஒரு குவாட்டர் 180 மி.லி. அதில் ஏறத்தாழ 43 விழுக்காடு ஆல்கஹால் என்றால், சுமார் 60 கிராம் தூய ஆல்கஹால் உள்ளே போகிறது. 10 கிராமை ஓர் அளவு என்று கொண்டால் ஒரு குவாட்டர் ஆறு அளவுக்குச் சமம். "ஒரு குவாட்டர்தானே" என்று சொல்பவருக்கு இந்தக் கணக்கை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு வாரத்துக்குத் தினமும் நான்கு விவரங்களைக் குறித்துவையுங்கள்: என்ன குடித்தார், எவ்வளவு, முதல் மடக்கு எத்தனை மணிக்கு, சாப்பிட்டாரா இல்லையா. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற பத்துக் கேள்விப் பட்டியலையும் மருத்துவர் கேட்பார். மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்கவேண்டிய நிலை, 20 அல்லது அதற்கு மேல் என்றால் குடிக்கு அடிமையாகியிருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கேள்விகளைக் குடிப்பவரையே நிரப்பவிடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து திருத்தாதீர்கள்.

3. காசு இல்லாத வழிகளை முதலில் தட்டுங்கள்

பணம் கட்டும் நிறுவனத்தைத் தேடும் முன் இவற்றை முயன்று பாருங்கள்.

டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416. இலவசம், இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம். குடிப்பவர்தான் பேசவேண்டும் என்பதில்லை, குடும்பத்தாரும் பேசலாம். 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய உதவி எண். பக்கத்தில் எந்த மையம் இருக்கிறது என்று கேட்க இதுவும் தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104ம் உதவும். இ-சஞ்ஜீவனி என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் வீடியோவில் பேசலாம். கைபேசி எண்ணும் ஓடிபியும் போதும், கட்டணம் கிடையாது. பொதுமருத்துவரிடம் போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை. எந்தப் பரிசோதனை வேண்டும், எங்கே சேர்க்கவேண்டும் என்ற திசை கிடைக்கும்.

நேரில் போவதானால் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளுடன் புதிய கட்டடம் திறந்தார்கள். குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை, கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று முதலில் போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கேட்காமல் போனால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீண். 2025இல் தமிழக அரசு 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. உங்களுக்குப் பக்கத்தில் எது என்பதை 104இல் விசாரியுங்கள்.

கீழே இறங்கவேண்டி வந்தால் கோவை. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலை மண்சரிவால் அடைபடும். அப்போது கோத்தகிரி வழியையும் மனத்தில் வைத்திருங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் சுல்தான் பத்தேரிக்கும் மைசூருக்கும் போவது வழக்கம். ஆனால் பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதால் மைசூர்ப் பயணத்தைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியிலிருந்து உறவினர் கார் எடுத்து வருவதானால் அந்த வண்டிக்கு இ-பாஸ் பதிவு வேண்டும். நம்முடைய டிஎன் 43 வண்டிகளுக்கு வேண்டாம்.

4. காகிதங்களும் ரத்தப் பரிசோதனையும்

ஆன்லைன் சிகிச்சையில் மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது. காகிதத்தை வைத்துத்தான் அவர் உடம்பை அறிகிறார். ஆகவே முதல் வீடியோ சந்திப்புக்கு முன்பே இவை கையில் இருக்கட்டும்:

கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை, சிறுநீரகத்துக்கான யூரியா, கிரியாட்டினின், ரத்த அணுக்கள், சர்க்கரை, ஈ.சி.ஜி. அரசு மருத்துவமனையில் இவற்றைக் கட்டணமின்றி எடுக்கலாம். எடுத்த நாளிலேயே முடிவு கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். மறுபடி ஒருமுறை போகவேண்டியிருக்கும் என்று திட்டமிடுங்கள். தோட்டத் தொழிலாளர் என்றால் தோட்ட மருத்துவமனையில் பழைய சீட்டு இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதி செய்துதரும் கடமையை நிர்வாகத்தின்மேல் வைத்திருக்கிறது. கேட்கத் தயங்கவேண்டாம்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டு மிக முக்கியம். என்ன மருந்து, எத்தனை நாள், வலிப்பு வந்ததா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இப்போது சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் அட்டைகளைப் படம் எடுத்து வையுங்கள். அடையாளத்துக்கு ஆதார் போதும்.

எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து ஒரே பிடிஎஃப் கோப்பாக மாற்றிவிடுங்கள். வெயில் வராத மழை மாதங்களில் வாசலில் வைத்து எடுத்தாலும் எழுத்து மங்கும். ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்துவிடுவது மேல்.

சேர்க்கையின்போது ஒரு சொல்: குளுக்கோஸ் ஏற்றப்போகிறார்கள் என்றால் "இவர் தினமும் குடிப்பவர்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். குடிநோயாளிகளுக்குத் தயாமின் என்ற வைட்டமின் குறைந்திருக்கும். அதை முதலில் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரலாம். வெட்கப்பட்டு மறைத்தால் மருத்துவருக்கு அது தெரிய வழியில்லை.

5. நிறுவனத்தைச் சலித்துப் பாருங்கள்

ஆன்லைன் நிறுவனங்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவே மாட்டேன். எங்களுக்கு வாழ்வு கொடுத்ததே அப்படி ஓர் ஏற்பாடுதான். ஆனால் விற்பவர்கள் முதலில் பேசுவார்கள், மருத்துவர்கள் கடைசியில்தான் வருவார்கள். பணம் கட்டும் முன் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவரின் பெயர், படிப்பு, பதிவு எண். இவற்றைத் தரவேண்டியது தளத்தின் கடமை என்று 2020 நெறிமுறையே சொல்கிறது. பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். மனநல மருத்துவரா, பொதுமருத்துவரா என்பதையும் பாருங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கவேண்டும். 'லைஃப் கோச்', 'வெல்னஸ் எக்ஸ்பர்ட்' என்ற பட்டங்களுக்குப் பதிவு ஏதும் இல்லை. அவர்கள் ஊக்கம் கொடுக்கலாம், சிகிச்சை கொடுக்கக்கூடாது.

பேசுவது மனிதரா, கணினியா? ஆப்பில் இரவு இரண்டு மணிக்கும் உடனுக்குடன் பதில் வருகிறதென்றால் கேட்டுவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்பது அதே நெறிமுறையில் இருக்கிறது.

எங்களூர்த் தமிழ் புரியுமா? ஆலோசகர் ஆங்கிலம் கலந்தே பேசினால் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒருவர் மனம் திறக்கமாட்டார். முதல் சந்திப்பிலேயே ஆலோசகரை மாற்றிக் கேட்கும் உரிமை உண்டா என்று விசாரியுங்கள்.

அவசரத்துக்கு என்ன ஏற்பாடு? "எங்கள் நோயாளிக்கு இரவில் வலிப்பு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல இடத்தில் உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியின் பெயரையும் வீட்டில் இருக்கும் இன்னொருவரின் எண்ணையும் அவர்களே முதல் நாளில் கேட்டு வாங்குவார்கள். இந்தக் கேள்விக்கு மழுப்பினால் அங்கே சேராதீர்கள்.

"நூறு விழுக்காடு உத்தரவாதம்" என்பவர், "குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று பொடி விற்பவர், இருவருக்கும் கதவை மூடுங்கள். குடிநோய் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் நோய், உத்தரவாதம் கொடுக்க யாராலும் முடியாது. தெரியாமல் கொடுக்கும் மருந்து ஆளையே கொல்லலாம், எட்டாவது படியில் விளக்குகிறேன்.

அமெரிக்க நிறுவனங்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, போதை ஊசி, மாத்திரைப் பழக்கத்துக்கான புப்ரெனார்ஃபின் மருந்தையும் இங்கே வீட்டுக்கு வரவழைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது அந்த நாட்டுச் சட்டம். இங்கே அந்த மருந்தை அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு நேரில் போய்த்தான் வாங்கவேண்டும்.

6. பணம்

மனநல மருத்துவரின் ஒரு சந்திப்புக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் வாங்குகிறார்கள். ஆலோசகருக்குத் தனிக் கட்டணம். மருந்து தனி, பரிசோதனை தனி. ஆகவே "மாதம் இவ்வளவுதான்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தொகைக்குள் எத்தனை மருத்துவச் சந்திப்பு, எத்தனை ஆலோசனைச் சந்திப்பு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று பிரித்துக் கேளுங்கள். வெறும் வாட்ஸாப் குழுவும் தினசரிச் செய்தியும்தான் அதில் பெரும்பகுதி என்றால் கட்டாதீர்கள்.

நாங்கள் முதலில் பேசிய ஒரு நிறுவனம் ஆறு மாதத் தொகையையும் ஒரே தவணையில் கேட்டது. "இன்று இரவுக்குள் கட்டினால் தள்ளுபடி" என்றார்கள். குடும்பம் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் கடிகாரம் காட்டிப் பணம் கேட்பவர்களை நான் இன்றும் மன்னிக்கவில்லை. மாதாமாதம் கட்டும் வழி இல்லாத இடத்தில் சேரவே சேராதீர்கள். தவணை முறை என்று சொல்லி ஆதார், பான், செல்ஃபி கேட்டால் அது உங்கள் பெயரில் எடுக்கும் கடன். சிகிச்சையைப் பாதியில் விட்டாலும் கடன் நிற்காது.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நம்பியிருக்கவேண்டாம். மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையை விலக்கும் விதி பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. உங்கள் பாலிசியில் 'விலக்குகள்' பக்கத்தைப் படித்துவிட்டுச் செலவுக் கணக்கைப் போடுங்கள்.

ஒவ்வொரு சந்திப்புக்கும் ரசீது கேளுங்கள். தருவது மருத்துவரின் கடமை. பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீதும் வாட்ஸாப் உரையாடலும் கையில் இருந்தால் புகார் நிற்கும்.

7. முதல் வீடியோ சந்திப்பு

காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறக்கிறது. பத்து மணிக்கு உட்கார்ந்தால் பேச்சு பேச்சாக இருக்கும். மாலை ஆறு மணிக்கு வைத்த சந்திப்புகள் எங்கள் பக்கம் பாதிக்குப் பாதி வீண்தான்.

சிக்னல் இல்லாத வீடுகள் நம்மிடம் அதிகம். முந்தின நாளே அதே நேரத்தில் ஒருவருக்கு வீடியோ அழைப்பு போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் கோடு இரண்டைத் தாண்டும். அங்கே அரிசி டப்பாமேல் போனைச் சாய்த்துவைத்து, தம்பியை மணையில் உட்காரவைத்தோம். போன் முழு சார்ஜில் இருக்கட்டும். மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வீடியோ அறுந்தால் சாதாரண அழைப்பில் தொடர மருத்துவரின் அலுவலக எண்ணை முன்பே வாங்கிவையுங்கள். சிக்னல் தேடி அந்தி நேரத்தில் தோட்டத்து மேட்டுக்கு ஏறாதீர்கள். கரடியும் காட்டெருமையும் நடமாடும் நேரம் அது.

லைன் வீட்டுச் சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டுக்கு எல்லாம் கேட்கும். இயர்போன் வாங்கிக் கொடுங்கள். நீங்களும் முதல் பத்து நிமிடத்துக்குப் பின் எழுந்து வெளியே போய்விடுங்கள். அக்கா இருக்கும்போது சொல்ல முடியாதவை அவனுக்கு ஆயிரம் இருக்கும்.

மருத்துவர் நோயாளியின் சம்மதத்தைக் கேட்பார். அவர் வாயால் "சரி" என்று சொல்லவேண்டும். நினைவோடு இருக்கும், வயது வந்த ஒருவருக்காக நீங்கள் சம்மதம் சொல்ல முடியாது. அவர் வரமாட்டேன் என்றால் அந்த நேரத்தை வீணாக்காமல் நீங்கள் பேசுங்கள், குடும்பத்துக்கான ஆலோசனையாக. பல வீடுகளில் சிகிச்சை அப்படித்தான் தொடங்குகிறது.

8. மருந்துகள்: எதற்கு எது

மூன்று பெயர்களை நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். மூன்றும் நடுக்கம் அடங்கிய பிறகுதான்.

நால்ட்ரெக்ஸோன் குடிக்கவேண்டும் என்ற இழுப்பைக் குறைக்கும். கல்லீரல் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரை சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. அகாம்ப்ரோசேட்டுக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கவேண்டும். பொதுவாக நாளைக்கு மூன்று வேளை என்பதால் ஃபேக்டரி ஷிப்டில் இருப்பவர் மதிய வேளையை மறப்பார். டப்பாவில் பிரித்து வைத்துக் கொடுத்து அனுப்புங்கள்.

டைசல்ஃபிரம் வேறு வகை. இதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். உயிருக்கும் ஆபத்து உண்டு. கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழிந்த பிறகே தொடங்கவேண்டும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் அதன் வேலை நடக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து, ஆஃப்டர் ஷேவ், கைக்கிருமிநாசினி போன்றவையும் தொந்தரவு கொடுக்கலாம். அதனால்தான் இதை ஒருபோதும் தெரியாமல் கொடுக்கக்கூடாது என்கிறேன். சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிட்டு, அவர் வழக்கம்போல் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வழியில் விழுந்தால் பார்ப்பவர்கள் போதை என்றே நினைத்துக் கடந்துபோவார்கள். தெரிந்து, சம்மதித்து, வீட்டில் ஒருவர் கண்முன் தினமும் விழுங்குவதானால்தான் இது மருந்து.

மருந்துச் சீட்டில் மருத்துவரின் பெயர், பதிவு எண், கையெழுத்து, தேதி இருக்கிறதா என்று பாருங்கள். போன் திரையைக் காட்டினால் சில கடைகளில் தரமாட்டார்கள், அச்செடுத்துக்கொண்டு போங்கள். இந்த மருந்துகள் சிறிய ஊர்க் கடைகளில் இருப்பில் இருக்காது. சொல்லிவைத்து வரவழைக்கவேண்டும். ஆகவே தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவையுங்கள். கூரியரில் வாங்கினால் உங்கள் பின்கோடுக்கு வருமா என்று முதலில் பாருங்கள். பார்சல் தோட்ட அலுவலகம் வழியாக வரும் வீடுகளில், மேலுறையில் நிறுவனத்தின் பெயர் வேண்டாம் என்று எழுதிக் கேளுங்கள். சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை.

9. அடுத்த மாதங்கள்

ஆன்லைன் சிகிச்சையின் பலன் இங்கேதான் தெரியும். வாரம் ஒருமுறை கோவைக்கு இறங்கி ஏறுவதென்றால் எந்தத் தொழிலாளிக்கும் வேலை நிலைக்காது. போனில் என்றால் ஷிப்ட் முடிந்து வந்து அரை மணி நேரம் உட்காரலாம். முதல் மாதம் வாரம் ஒரு சந்திப்பு, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று கேளுங்கள். ஒரு வருடமாவது தொடர்பு இருக்கட்டும்.

சந்திப்பு நாளைச் சம்பள நாளுக்கு முந்தின நாளில் வையுங்கள். இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். சம்பளம், தீபாவளி போனஸ், ஊர்ப் பண்டிகை, சாவு வீடு ஆகிய நான்கும் கால் வழுக்கும் இடங்கள். ஆலோசகரிடம் அந்தத் தேதிகளை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

"இந்தக் குளிருக்குக் கொஞ்சம் போட்டால்தான்" என்பது மலையில் எல்லா வாயிலும் இருக்கும் பேச்சு. மது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரியவைப்பதால் சூடு ஏறியதுபோல் தெரியும். உண்மையில் உடம்பின் வெப்பம் வேகமாக வெளியேறுகிறது. ஆலோசகர் இதை விளக்கிய பிறகு தம்பி ஒரு ஃபிளாஸ்க் வாங்கினான். இரவு ஷிப்டுக்குச் சுக்குக் காபியோடு போகிறான்.

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன, போனிலும் சேரலாம், கட்டணம் இல்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான் இருக்கிறது. மருத்துவருக்குப் பதிலாக இல்லாமல், மருத்துவரோடு சேர்த்து இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

10. மறுபடி குடித்துவிட்டால்

சண்டை போடாதீர்கள், மறைக்காதீர்கள். அன்றே மருத்துவருக்குச் செய்தி அனுப்புங்கள்: எவ்வளவு, எத்தனை நாள், எந்த மருந்து உள்ளே இருக்கிறது. ஒரு நாள் சறுக்கல் என்றால் சிகிச்சையைத் திருத்தினால் போதும். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடியும் ஒன்றாம் படி, அதாவது ஆஸ்பத்திரி. தற்கொலைப் பேச்சு வந்தால் 14416ஐ அழைத்துக்கொண்டே ஆளைத் தனியாக விடாமல் பாருங்கள்.

இந்த நேரத்தில்தான், "இரவோடு இரவாக ஜீப்பில் வந்து தூக்கிக்கொண்டு போகிறோம்" என்று சில தனியார் மையங்கள் ஆசை காட்டும். மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மையத்துக்குப் பதிவு வேண்டும், பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ஒருவரை அவர் விருப்பம் இல்லாமல் சேர்க்கவேண்டுமென்றால் இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்கவேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்கவேண்டும். முதல் கட்டத்தில் 30 நாளைத் தாண்டக்கூடாது. சங்கிலியில் கட்டுவது குற்றம். ஊரில் நான்கு பேர் "அடித்தால்தான் திருந்துவான்" என்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு உங்கள் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

11. நிறுவனத்தை விட்டு வெளியேறும்போது

சந்தா முடியும் முன்பே எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஆலோசனைக் குறிப்புகளையும் இறக்கி உங்கள் போனிலும் இன்னொருவர் மின்னஞ்சலிலும் சேமியுங்கள். கணக்கு மூடியதும் ஆப் திறக்காமல் போகலாம். யுபிஐ தானியங்கிக் கட்டணத்தை உங்கள் வங்கிச் செயலியிலேயே ரத்து செய்யுங்கள், நிறுவனத்திடம் சொன்னால் மட்டும் போதாது. மருந்து தொடர்கிறதென்றால் கடைசிச் சீட்டையும் கல்லீரல் பரிசோதனை முடிவையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். மருந்து இன்னும் இரண்டு வாரத்துக்குக் கையில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். அங்கே மருத்துவர் வரும் கிழமை தவறினால் அடுத்த கிழமை வரை தாங்க அது போதும்.